கத்தினால்தான் கிடைக்கும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கேள்வி: எனக்கு ஒரே மகன், நான்கு வயது. சென்ற ஆண்டு மருத்துவமனையில் ஆட்டிசம் என்று உறுதிசெய்தார்கள். சிறு பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டமான ஈபிக்கில் இடத்துக்காகக் காத்திருக்கிறோம். அதற்குள் தனியார் நிலையம் ஒன்றில் விசாரித்தோம். ஏபிஏ என்று ஒரு முறை, வாரத்துக்கு 20 மணி நேரம் தேவை என்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியார், “பிஸ்கட்டைக் காட்டி நாயைப் பழக்குற மாதிரி பிள்ளையைப் பழக்கப் போறீங்களா?” என்கிறார். கணவர் செலவை நினைத்துத் தயங்குகிறார். மகன் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் பேசுவான். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன்மேல் வைப்பான். கைப்பேசியை வாங்கிவிட்டால் தரையில் படுத்து அலறுவான், சில நேரம் தலையை இடித்துக்கொள்வான். மின்தூக்கியில் ஏறினால் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிடுகிறான், அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கிறார்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றும் அந்த நிலையத்தில் சொன்னார்கள். ஏபிஏ என்றால் என்ன? சேர்க்கலாமா? தமிழை விட்டுவிட வேண்டுமா?
– உட்லண்ட்ஸ் வாசகி, சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். அலறல், மின்தூக்கி, செலவு என்று பெரிய கவலைகளுக்கு நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன்மேல் வைப்பான்.” முதலில் அதைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் கேட்கும் ஏபிஏவின் அரிச்சுவடி அந்தக் கையில்தான் இருக்கிறது.

ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு நான் வந்ததில்லை. ஆனால் இந்தக் காட்சியை எத்தனையோ வீவக அடுக்குமாடி வீடுகளில் பார்த்திருக்கிறேன். நீங்கள் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருக்கிறீர்கள். மகன் வந்து கையை இழுக்கிறான். “இருடா, வர்றேன்” என்கிறீர்கள். மறுபடி இழுக்கிறான். கடுகு வெடிக்கிறது, கையை உதறிவிடுகிறீர்கள். அவன் தரையில் விழுகிறான். அலறல். தலை தரையில் படும் சத்தம். அவனுடைய அப்பாயி, அதாவது உங்கள் மாமியார், ஓடிவந்து அலமாரிமேல் இருந்த கைப்பேசியை எடுத்துக் கொடுக்கிறார். வீடு அமைதியாகிறது. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள்.

இதை அவன் இடத்திலிருந்து பாருங்கள். கையை இழுத்தான், ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தான், அப்போதும் வரவில்லை. அலறினான், வந்தது. நாளைக்கு அவன் எதிலிருந்து தொடங்குவான்? நேராக அலறலிலிருந்துதான். நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு போதும். கையை இழுப்பது என்பது அவனுடைய நாகரிகமான வேண்டுகோள். அதற்குப் பதில் கிடைக்காத வீட்டில் அலறல்தான் செல்லுபடியாகும் நாணயம்.

அப்பாயி இடத்திலிருந்தும் பாருங்கள். கைப்பேசியைக் கொடுத்தார், காதைக் கிழித்த சத்தம் நின்றது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கொடுப்பார். அவர் பேரனைப் பழக்குகிறார் என்று நாம் நினைக்கிறோம். பேரன் அப்பாயியைப் பழக்கி முடித்து வெகு நாளாகிவிட்டது! சொல்லிக் குறை காண்பதற்காக இதை எழுதவில்லை. நானாக இருந்தாலும் அந்த நேரத்தில் கைப்பேசியைத்தான் தேடியிருப்பேன்.

சரி, இதற்குப் பெயர் வைப்போம். ஏபிஏ என்பதைத் தமிழில் ‘செயல்முறை நடத்தைப் பகுப்பாய்வு’ என்று எழுதுகிறார்கள். வாயில் நுழையாத பெயர். ஏபிஏ என்றே வைத்துக்கொள்வோம். அதன் அடிப்படை ஒரு சிறு சங்கிலி. ஒரு செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது. முன், செயல், பின். ஒரு செயலுக்குப் பின்னால் வேண்டியது கிடைத்தால் அந்தச் செயல் வளரும். இதை வலுவூட்டல் என்கிறோம். வேண்டியது என்றால் பொருளாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. வேண்டாதது விலகினாலும் அது வலுவூட்டல்தான். குளிக்கப் பிடிக்காத பிள்ளை அலறியதும் குளியல் தள்ளிப்போனால், அலறல் அங்கேயும் ஜெயித்துவிடுகிறது. அப்பாயிக்குச் சத்தம் நின்றதும் இந்த வகைதான்.

ஆக, ஏபிஏ உங்கள் வீட்டுக்குள் இனிமேல்தான் வரவேண்டும் என்றில்லை. அதன் விதி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. அலறலுக்கு நாள்தோறும் பாடம் நடக்கிறது, கை இழுப்புக்கு நடக்கவில்லை. மாற்ற வேண்டியது அதை மட்டும்தான்.

முதல் வேலை, ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாமல் எழுதுங்கள். இப்படி: “செவ்வாய், மாலை 6.40. முன்: அப்பா குளிக்கக் கூப்பிட்டு கார்ட்டூனை நிறுத்தினார். செய்தது: தரையில் படுத்தான், மூன்று முறை தலையை இடித்தான். பின்: குளியல் 20 நிமிடம் தள்ளிப்போனது, கார்ட்டூன் மறுபடி ஓடியது.” ‘அடம் பிடித்தான்’, ‘கோபப்பட்டான்’ என்று எழுதாதீர்கள். கேமரா பார்த்தால் எது தெரியுமோ அது மட்டும். ‘அடம்’ என்ற சொல் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி நம்மை ஏமாற்றிவிடும்.

ஏழு நாள் எழுதினால் ஒரு கோலம் தெரியும். பிள்ளைகள் இப்படி நடந்துகொள்வதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள்தான் சொல்வோம்: ஒரு பொருளோ விளையாட்டோ வேண்டும், யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது அந்தச் செயலே உடலுக்கு ஓர் இன்பம், ஓர் ஆறுதல். ஒரே அலறல் காலையில் ஒரு காரணத்துக்கும் மாலையில் வேறு காரணத்துக்கும் வரலாம். தீர்வு ஆளைப் பார்த்து இல்லை, காரணத்தைப் பார்த்துத்தான். வேலையிலிருந்து தப்பிக்க அலறும் பிள்ளையைத் தண்டனை என்று மூலையில் உட்கார வைத்தால், அவன் கேட்டதை நாமே தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும். கவனத்துக்காகக் கத்துபவனுக்கு ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னால் அதுவும் அப்படித்தான். திட்டும் ஒரு கவனிப்புதானே.

இதற்கு முன்னால் ஒன்று. தலையை இடித்துக்கொள்வது திடீரென்று தொடங்கியதா, அண்மையில் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையால்தான் சொல்வான். அப்படி இருந்தால் நோட்டை ஓரம் வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது, அலறலுக்குப் பதிலாக எதைக் கொடுப்பது? ‘அலறாதே’ என்பது பாடமே இல்லை. அலறாமல் வேறு எப்படிக் கேட்பது என்பதுதான் பாடம். அவன் கையை இழுக்கும் அந்த நொடியில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் நாடகம் போடுங்கள். அவனுக்குப் பிடித்த முறுக்கை மூடி இறுக்கமான கண்ணாடி டப்பாவில் போட்டு, அவன் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வருவான், கையை இழுத்து டப்பாமேல் வைப்பான். நீங்கள் உடனே உள்ளங்கையை விரித்து “தா” என்று அவனுக்காகச் சொல்லி, ஒரு விநாடி காத்து, மூடியைத் திறந்து ஒரு துண்டு கொடுங்கள். துண்டுதான், முழு முறுக்கு இல்லை. முழுதாகக் கொடுத்தால் பாடம் ஒரு முறையோடு முடிந்துவிடும். சின்னத் துண்டாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் பத்துமுறை கேட்பான். பத்துமுறை கேட்டான், பத்துமுறையும் கிடைத்தது என்றால் ‘கேட்டால் வரும்’ என்பது அவனுக்குப் புரியத் தொடங்கும்.

இரண்டு மூன்று நாளில் காத்திருக்கும் நேரத்தை ஒரு விநாடியிலிருந்து மூன்றாக்குங்கள். அந்த இடைவெளியில் அவன் உதடு குவியலாம், ‘த’ என்று ஒரு மூச்சு வரலாம். அது போதும், கொடுத்துவிடுங்கள். ‘தா’ தெளிவாக வந்தால்தான் தருவேன் என்று நிற்காதீர்கள். இன்றைக்கு மூச்சு, அடுத்த வாரம் ‘த’, அப்புறம் ‘தா’. குயவர் மண்ணை வனைவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக. வாய் வரவே இல்லையென்றால் கையை நீட்டச் சொல்லிக்கொடுங்கள், அல்லது முறுக்கின் படம் ஒட்டிய அட்டையை உங்கள் கையில் வைக்கப் பழக்குங்கள். 1985இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் உருவாக்கிய படப் பரிமாற்ற முறை இதைத்தான் படிப்படியாகச் செய்கிறது. அட்டை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று பல அம்மாக்கள் பயப்படுவார்கள். அந்தப் பயம் வேண்டாம். பேச்சு வர அட்டை தடையாக நிற்பதில்லை.

ஏன் ‘தா’ என்று கேட்கிறீர்களா? நம் வீடுகளில் சொல்வது ‘வேணும்’தான். ஆனால் ஒலியைக் கவனியுங்கள்: வேணும், வேண்டாம். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்று. சொல்லின் முதல் ஒலியை மட்டும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த இரண்டும் குழம்பும். “வே...” என்று அவன் சொன்னால் நமக்கும் குழம்பும். அவன் வேண்டாம் என்று சொன்னதை நாம் வேணும் என்று எடுத்துக்கொண்டு வாயில் திணித்தால் மறுபடி அலறல்தான். அதனால் கேட்பதற்கு ‘தா’, மறுப்பதற்கு ‘போதும்’ அல்லது கையால் தள்ளும் ஒரு சைகை. மறுக்கவும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். இதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். ‘போதும்’ என்று சொன்னால் நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை வந்த பிள்ளைக்குத் தலையை இடித்துக்கொள்ளும் தேவை குறையும்.

கைப்பேசிக்கு வருவோம். கேட்கும் வழி ஓரளவு பழகிய பிறகுதான் அதைத் தொடுங்கள். திடீரென்று பிடுங்காமல், முடியப்போகிறது என்பதை அவன் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுங்கள். மணல் கடிகாரமோ, நிறம் குறைந்துகொண்டே வரும் டைமரோ நல்லது. முடிந்ததும் அடுத்து வருவது அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். கைப்பேசி முடிந்ததும் குளியல் என்றால் சண்டை. கைப்பேசி முடிந்ததும் ஊஞ்சல், அப்புறம் குளியல் என்றால் பிழைத்துக்கொள்ளலாம். அலறியதற்காகக் கைப்பேசி கொடுப்பது மட்டும் நிற்க வேண்டும். இதில் வீட்டில் இருக்கும் எல்லாரும் ஒரே வாக்காக இல்லையென்றால் தொடங்கவே தொடங்காதீர்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதுவரை கிடைத்துவந்தது நின்றதும் அலறல் முதலில் கூடும். லிஃப்ட் வரவில்லையென்றால் பொத்தானை இன்னும் வேகமாக நாலு முறை அழுத்துவோமே, அதேதான். மூன்றாம் நாள் அலறல் உச்சத்தில் இருக்கும்போது அப்பாயி மனம் இளகிக் கொடுத்துவிட்டால், மூன்று நாள் உழைப்பு வீண் என்பதோடு முடியாது. ‘இவ்வளவு சத்தமாக, இவ்வளவு நேரம் கத்தினால் கிடைக்கும்’ என்று புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்திருப்போம். எப்போதாவது கிடைப்பது எப்போதும் கிடைப்பதைவிட ஆளைப் பிடித்துக்கொள்ளும். நாலு நம்பர் லாட்டரிக் கடைமுன் வாராவாரம் வரிசையில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். வாராவாரம் அடிப்பதாலா நிற்கிறார்? என்றோ ஒருநாள் அடித்தது.

தலையை இடிக்கும்போது மட்டும் ‘கண்டுகொள்ளாதே’ என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். பேசாமல், முகத்தில் பதற்றம் காட்டாமல், தலையணையோ உங்கள் உள்ளங்கையோ நடுவில் போகட்டும். கைப்பேசி வராது, ஆனால் காயமும் படாது. இடிப்பது அடிக்கடி நடந்தாலோ வீக்கம் வருமளவு இருந்தாலோ நீங்களாக எதையும் முயலாமல், மகனைப் பார்க்கும் மருத்துவமனைக் குழுவிடம் உடனே சொல்லுங்கள்.

மின்தூக்கி விஷயம் சின்னது. பொத்தான் அழுத்தினால் விளக்கு எரிகிறது, அது அவனுக்கு ஒரு சந்தோஷம். யாரையும் வம்புக்கு இழுக்க அவன் அதைச் செய்யவில்லை. தடுப்பதைவிட வேலை கொடுப்பது எளிது. உங்கள் மாடி எண்ணை அவன்தான் அழுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் அவன் விரலைப் பிடித்து அந்த எண்ணில் வையுங்கள், உடனே அவன் இரு கையையும் பிடித்து அவனுக்குப் பிடித்த பாட்டைப் பாடுங்கள், மாடி வரும்வரை. சில நாளில் விரலுக்குப் பதில் மணிக்கட்டை மட்டும் தொடுங்கள், அப்புறம் முழங்கையை, அப்புறம் எண்ணைச் சுட்டிக்காட்டினால் போதும், கடைசியில் அதுவும் வேண்டாம். உதவியைக் கொடுப்பதைவிட அதை எடுப்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது. எடுக்க மறந்தால் பிள்ளை நம் கைக்காகவே காத்திருப்பான். முதல் சில நாள் கூட்டமில்லாத பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கி ஏறுங்கள். அக்கம்பக்கத்தாரில் நல்லவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். மற்றவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. நாயைப் பழக்குவது போலவா? அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. செயலுக்குப் பின்வருவதுதான் செயலை வளர்க்கிறது என்பதை பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துத்தான் ஆராய்ந்தார். அது மனிதர்களுக்குப் பயன்படும் துறையாக வடிவெடுத்தது 1960களில். அதற்கென்றே ஓர் ஆய்விதழ் 1968இல் தொடங்கியது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அதை எடுத்துப்போனவர்களில் பெயர் பெற்றவர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஐவர் லோவாஸ். 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளோடு சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்ததாகச் சொன்னார். உலகம் முழுக்கப் பெற்றோர் ஏபிஏவைத் தேடி ஓடியது அந்த எண்ணுக்குப் பிறகுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. அந்தப் பயிற்சியில் அதட்டலும் அடியும்கூட இருந்தன. இன்று ஒரு நல்ல பயிற்சியாளர் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். அந்தக் காலத்துப் பயிற்சியைச் சின்ன வயதில் அனுபவித்து இன்று பெரியவர்களாகியிருக்கும் ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், ‘எங்களை எங்களாக இருக்கவிடவில்லை’ என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது என்பது என் கருத்து.

நானும் சுத்தமானவள் இல்லை. இந்தப் பயிற்சி வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளை கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் பெரிய இலக்கு. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை எதிரே உட்கார வைத்து, “என்னைப் பார்” என்பேன். பார்த்தால் ஓர் உலர்திராட்சை. பல வாரம் இப்படியே போனது. என் வரைபடத்தில் கோடு அழகாக மேலே ஏறியது. ஒருநாள் அவன் அம்மா சொன்னார்: “வீட்டுக்கு யார் வந்தாலும் முகத்தை உத்துப் பார்த்து வாயைத் திறக்கிறான் டீச்சர்.” திராட்சைக்காக. கண்ணைப் பார்ப்பது அவனுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. பார்த்தால் எதற்கு என்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் ‘போதும்’ சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கலாம். இன்றும் அந்த வரைபடக் கோடு நினைவுக்கு வந்தால் கூசும்.

கை உதறுவது, தாவிக் குதிப்பது, ஒரே பாட்டை முணுமுணுப்பது ஆகியவை யாருக்கும் தீங்கில்லையென்றால் விட்டுவிடுங்கள். அவற்றை நிறுத்துவதை இலக்காக எழுதும் நிலையம் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் விரும்ப வேண்டிய இலக்குகள் வேறு: கேட்பது, மறுப்பது, காத்திருப்பது, கழிப்பறைக்குப் போவது, சட்டை போடுவது, சாலையில் கையை விடாமல் வருவது.

20 மணி நேரம் தேவையா? தீவிரப் பயிற்சி பற்றி 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு 5 ஆய்வுகளில் இருந்த 219 பிள்ளைகளைப் பார்த்தது. அன்றாடத் திறன், மொழி ஆகியவற்றில் சில முன்னேற்றங்கள் தெரிந்தன, ஆனால் சான்று வலுவாக இல்லை என்றது. 2024இல் 144 ஆய்வுகளை, சுமார் 9,000 பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு பகுப்பாய்வு, மணி நேரம் கூடினால் பலனும் கூடும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றது. அதனால், ‘20 மணிக்குக் குறைந்தால் பிரயோஜனமில்லை’ என்று யாராவது பயமுறுத்தினால் நம்பிக் கடன் வாங்காதீர்கள். வாரம் நாலைந்து மணி நேரம் நல்லவரிடம் போய், அங்கே நடப்பதை நீங்களும் அப்பாயியும் வீட்டில் தொடர்வது பல குடும்பங்களுக்குப் போதும். உங்கள் கணவரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

எது செய்தாலும் ஈபிக் வரிசையிலிருந்து விலகாதீர்கள். அரசாங்க உதவியோடு நடப்பது அது, சிங்கப்பூரர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் குறையும். மகனின் குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் பணம் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் அதைப் பயன்படுத்தலாம். நீங்கள் விசாரித்த தனியார் நிலையம் அந்தப் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே பேச்சுச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், இயன்முறைச் சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்) ஆகியோர் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். நடத்தைப் பயிற்சியாளருக்கு அப்படிப் பதிவு இல்லை. பெயர்ப்பலகையைப் பார்த்து நம்ப முடியாது என்று அர்த்தம். ஆகவே நீங்களே கேளுங்கள். திட்டத்தை எழுதுபவர் யார், என்ன படித்திருக்கிறார், பிள்ளையோடு உட்காரப்போவது அவரா, போன மாதம் சேர்ந்த இளைஞரா? இளைஞர் என்றால் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மேற்பார்வை? நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? ‘பெற்றோர் இருந்தால் பிள்ளை ஒத்துழைக்காது’ என்று கதவைச் சாத்தும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். மதியச் சாப்பாட்டைப் பரிசாக்கிப் பட்டினி போடும் இடமும் வேண்டாம், ஆட்டிசத்தையே குணமாக்கிவிடுவேன் என்பவரும் வேண்டாம். அப்புறம், பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஏன் அழுகிறான் என்று பார்ப்போம் என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

தமிழுக்கு வருகிறேன். விடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கெட்டுவிடும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடுதான் இந்த அறிவுரையைச் சொன்னார்கள். அதன் விலையைக் குடும்பங்கள் கொடுத்தன. ஆங்கிலம் சரளமில்லாத அப்பாயி பேரனோடு பேசுவதையே நிறுத்திக்கொண்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பேசக் கற்க வேண்டிய பிள்ளைக்கு, நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்கும் மனிதரை ஊமையாக்கிவிட்டு யாரிடம் பேசப் பழக்குவது?

ஆனால் ஒரு சிக்கல் உண்மைதான். நிலையத்தில் அவன் ஒரு சொல்லைக் கற்று வருவான், வீட்டில் அது வராது. சிவப்பு மேசையில் அந்த ஆசிரியையிடம் கேட்டால் மட்டும் கிடைக்கும் என்று அவன் நினைத்துக்கொள்வான். ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து வராது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இதை மிகவும் பார்க்கிறோம். அதனால் முதல் சில சொற்களை வீட்டாரும் நிலையத்தாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ‘தா’ என்று வைத்தால் ஆசிரியைக்கும் ‘தா’ தெரிய வேண்டும். சீன ஆசிரியைகள் இரண்டே நாளில் அழகாகச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள், கவலையே வேண்டாம். கை சைகை என்றால் மொழிப் பிரச்சினையே இல்லை. பிறகு அதே ‘தா’வை அடுப்படியில், புளோக்கின் கீழே விளையாட்டு மைதானத்தில், உணவங்காடியில் அப்பா தட்டில் இருக்கும் பரோட்டாவுக்கு என்று இடம் மாற்றி, ஆள் மாற்றிப் பழக்குங்கள்.

மாமியாரை எதிர்க்கட்சியாக வைக்காதீர்கள். அந்த முறுக்கு டப்பாவை அவரிடமே கொடுங்கள். ‘தா’ என்று பேரன் முதன்முதலில் கேட்பது அவரிடமாக இருந்தால் நாய், பிஸ்கட் பேச்செல்லாம் தானாக அடங்கும். அவர் கேட்டது தப்பான கேள்வியும் இல்லை. பிள்ளைக்கு மறுக்கும் வழியையும் கற்றுக்கொடுக்கிறார்களா என்று நிலையத்தில் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். எடுத்துப் புரட்டி, “இந்தச் செவ்வாய்க்கிழமை கார்ட்டூனை நிறுத்தும் முன்னால் அவனிடம் ஏதாவது சொன்னீர்களா?” என்று கேட்பவர் கிடைத்தால், அவரிடம் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.